தோய்க்காத சட்டை

பச்சைச் சட்டை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கொடியில் தொங்குகிறது, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருக்கிறாள், கழுத்துப்பட்டியில் அவள் கறுப்பு மையால் எழுதிய நான்கு எழுத்துகள் ஈரத்தில் மினுங்குகின்றன, கைநுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சீமெந்துத் தரையில் விழுகிறது, தலைக்கு மேலே ஐயாயிரம் பேரின் கால்கள் பார்வையாளர் மேடையின் பலகைகளை மிதித்தபடி இருக்கின்றன, இதே போல இன்னொரு பச்சைச் சட்டை இந்த நேரம் மேலே சேற்றில் விழுந்து புரண்டுகொண்டிருக்கும், அது வந்ததும் இது போகும், இது வந்ததும் அது போகும், அறை முழுக்கச் சோப்பு மணக்கிறது, அவள் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருக்கிறாள், அம்மா, வாசிச்சு முடிச்சிட்டீங்களோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம், என்று மகள் ஆரணி தோளைத் தொட்டபோதுதான் முன்னால் இருப்பது கொடி அல்ல, கண்ணாடி என்று யோகமலருக்குத் தெரிந்தது.

கழகத்தின் அருங்காட்சி மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதே சட்டை, கைகளை விரித்து ஊசி குத்தி நிறுத்தியிருந்தார்கள், நெஞ்சிலும் முழங்கையிலும் சேறு அப்பிக் காய்ந்திருந்தது, கீழே ஒரு வெள்ளை அட்டை, அதை மூன்றாவது தடவையாக வாசித்தாள். ஆல்டர்ஷா டவுன் உதைபந்தாட்டக் கழகம் தன் வரலாற்றில் ஒரேயொரு தடவை நாலாம் பிரிவிலிருந்து மேலேறிய பருவத்தில், 1994 மே மாதம், இறுதி ஆட்டத்தன்று கோல்கீப்பர் கென்னி அணிந்திருந்த சட்டை. அன்று தொட்டு இது தோய்க்கப்படவில்லை. கழுத்தில் இருப்பது ஓர் இந்திய யோகி அணிக்கு எழுதிக் கொடுத்த வெற்றி மந்திரம். மூன்று வரி, முதல் வரி சரி, மற்ற இரண்டையும் எழுதியவன் கையில் அகப்பட்டால் காதைத் திருகிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். யோகியாம். அவளுக்குத் தாடி இல்லை, காவி இல்லை, இந்தியாவில் அவள் கால் வைத்ததும் இல்லை, சாவகச்சேரியில் பிறந்து கொழும்பில் விமானம் ஏறி இந்த மழை ஊரில் வந்து இறங்கியவள், உடுப்புத் தோய்த்தவள், மூன்று வருடம் இந்தக் கழகத்தின் ஒவ்வொரு சட்டையையும் ஒவ்வொரு காலுறையையும் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைத்தவள், அவளைப் பிடித்து ஒரு சாமியாராக்கி மரத்தடியில் இருத்திவிட்டார்கள், ஆத்திரத்தில் அவளுக்குக் காது சுட்டது.

இதெல்லாம் அவளுடைய பெயரால் வந்த வினை. முதல் நாள் மனேஜர் பெயர் கேட்டார், யோகமலர் என்றாள், அவர் இரண்டு தரம் வாயில் போட்டு மென்று பார்த்தார், மூன்றாம் தரம் யோகா என்று துப்பிவிட்டார், அதோடு அது ஒட்டிக்கொண்டது, விளையாட்டுக்காரர்கள் அவளைக் கண்டால் ஒற்றைக் காலைத் தூக்கிக் கைகூப்பி நிற்பார்கள், அவள் ஈரத்துணியால் அடிப்பதுபோல ஓங்குவாள், சிரிப்பார்கள், மலர் போனால் போகட்டும், யோகமாவது மிஞ்சியதே என்று அவளும் விட்டுவிட்டாள், அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும், முதல் நாளே நிற்க வைத்து ஐந்து எழுத்தையும் சொல்லப் பழக்கியிருக்க வேண்டும். பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு அறை, இரண்டு இயந்திரம், அதில் ஒன்று எப்போதும் பழுது, சுவரிலிருந்து சுவருக்கு நாலு கொடி, அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று, கழற்றும்போது சுருட்டி எறியக்கூடாது, சேற்றுப்பக்கம் வெளியே இருக்கவேண்டும், அப்போதுதான் முதலில் குழாய்த் தண்ணீரை அடித்துச் சேற்றைக் கரைக்கலாம், பிறகு அவளே உள்பக்கத்தை வெளியே திருப்பித் தோய்த்து அப்படியே காயப்போடுவாள், நிறம் போகாது. வெளியே ஐயாயிரம் பேருக்கு முன்னால் பயப்படாதவன்கள்கூடச் சட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தான்கள்.

அந்த அணியில் மூன்று ஸ்டீவ், இரண்டு டேவ். பயிற்சி உடுப்புகளில் இலக்கமும் கிடையாது, பெயரும் கிடையாது, முதல் மாதம் ஒரு ஸ்டீவின் உள்ளுடுப்பு மற்ற ஸ்டீவிடம் போய்ப் பெரிய சண்டை, அவள் போய் ஒரு தடித்த மைப்பேனை வாங்கி வந்து தனக்குத் தெரிந்த மாதிரி எழுதினாள், உயர்ந்த ஸ்டீவ் நெட்டை, மற்றவன் மூக்கன், மூன்றாவது ஸ்டீவ் வாய் மூடமாட்டான், அவன் வாயாடி, கப்டனுக்கு முப்பது வயதிலேயே முடி கொட்டிவிட்டது, அவன் மொட்டை, யாருக்கும் விளங்கப்போவதில்லை, மனதிலிருந்ததை எழுதினாள். கோல்கீப்பர் கென்னி மழைக்குள் தனியாக நின்று கோல் கம்பத்தைத் தட்டிக்கொடுத்து அதோடு கதைத்துக்கொண்டிருப்பான், சுகமா, நித்திரை கொண்டியா, இண்டைக்கு என்னைப் பார்த்துக்கொள் என்று, அவனுக்கு விசரன் என்று எழுதினாள், அவள் ஊரில் பைத்தியக்காரனுக்கு அதுதான் சொல். ஒரு நாள் வந்து கேட்டான், யோகா, என்ரை சட்டையிலை என்ன எழுதியிருக்கிறாய் என்று, அவன் கேட்டது ஆங்கிலத்தில்தான், ஆனால் முப்பது வருடம் கழித்து நினைக்கும்போது கென்னி அவளுடைய காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறான், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, மேட், என்றாள், தலையைக் காட்டி விரலைச் சுழற்றினாள், அவன் உடுப்புக் கூடைக்கு மேல் விழுந்து சிரித்தான், சரியாய்த்தான் எழுதியிருக்கிறாய், எங்கடை அம்மாவும் அதைத்தான் சொல்லுறவ, சனிக்கிழமை ஆட்டச் சட்டையிலும் எழுதிவிடு என்றான்.

பதினொரு ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்தார்கள், லீக்கை விட்டே துரத்தப்போகிறார்கள் என்று பத்திரிகை எழுதியது, அந்தச் சனிக்கிழமை வென்றார்கள். திங்கட்கிழமை அவளுடைய அறை வாசலில் வரிசை, எல்லோருக்கும் எழுத்து வேண்டும், இது என்ன கோயில் நூலா கட்டிவிட என்று கேட்டாள், கேட்பார் இல்லை, விளையாட்டுக்காரர்களைப் போல ஒன்றுக்கும் உதவாத நம்பிக்கைகள் உள்ளவர்களை அவள் வேறெங்கும் கண்டதில்லை, இடது காலுறையை முதலில் போடுகிறவன், சப்பாத்தை முத்தமிடுகிறவன், கதவுநிலையைத் தொடாமல் வெளியே போகாதவன், சரி, எழுதட்டுமா வேண்டாமா என்று ஒருவனிடமும் அவள் கேட்கவில்லை, அவர்கள்தான் வந்து நின்றார்கள், நாலைந்து தோய்ப்பில் மை மங்கிவிடும், வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்திருந்து திரும்ப எழுதுவாள், மொட்டை தன் கழுத்துப்பட்டியை இழுத்து மொட்டை என்ற எழுத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே ஓடுவான், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இருபத்தாறு ஆட்டம், ஒன்றிலும் தோற்கவில்லை. அதில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை, ஆட்ட நாளில்தான் அவளுக்கு வேலை அதிகம், கொடிக்குக் கீழே நின்று கால்களைத்தான் கேட்டாள், எதிரணி பந்தோடு வந்தால் பலகைகள் மெல்ல முனகும், கோல் விழுந்தால் கூரையிலிருந்து தூசி கொட்டும், தோய்த்ததை எல்லாம் மூடிவைக்க வேண்டும். சித்திரையில் ஒரு பத்திரிகைக்காரன் மனேஜரிடம் இந்த வெற்றிக்கு என்ன இரகசியம் என்று கேட்டான், அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள், மனேஜர் சிரித்துக்கொண்டு, யோகா, என்றார், அவ்வளவுதான் சொன்னார், அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அந்த ஒற்றைச் சொல் முப்பது வருடத்தில் தாடி வளர்த்துக்கொண்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே உட்காரும் என்று யார் கண்டது.

விடுங்கோவன் அம்மா, என்றாள் ஆரணி, அந்தக் காலத்தில் அவள் தள்ளுவண்டியில் கிடந்த குழந்தை, அவளுக்கு என்ன தெரியும், எழுத்து உங்கடை எழுத்துத்தான், அது எனக்கும் தெரியுது, ஆனால் தோய்ச்சது தோய்க்காதது முப்பது வருஷக் கதை, வேறை ஏதும் சட்டையை நினைச்சுக்கொண்டு நிக்கிறீங்களோ தெரியாது, மாறி ஞாபகம் இருக்கலாமெல்லோ. யோகமலர் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அட்டையில் எவனோ எழுதியது ஒரு பக்கம், வயிற்றில் பிறந்தது இப்படிச் சொன்னது அதைவிடச் சுட்டது. தோய்க்கப்படவில்லை என்று எழுதினால் தோய்த்தவள் இல்லை என்றுதானே அர்த்தம், யோகி எழுதினார் என்றால் எழுதியவளும் இல்லை, இரண்டு வரியில் மூன்று வருடத்தை உரிந்து எறிந்துவிட்டார்கள், அதையும் சுருட்டித்தான் எறிந்திருக்கிறார்கள்.

நெஞ்சில் அட்டை தொங்கிய ஒரு பொடியன் வந்தான், ஒலிவர், இந்த மண்டபத்துக்குப் பொறுப்பானவன், அந்தப் பருவம் முடிந்து நாலைந்து வருடத்துக்குப் பிறகு பிறந்தவனாக இருப்பான். அவள் தன் பெயரைச் சொன்னாள், இதை எழுதியது நான், இது தமிழ், இது மந்திரம் இல்லை, விசரன் என்று எழுதியிருக்கிறது, என்றாள். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான், அந்தச் சாய்ப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை, எவ்வளவு அழகான நினைவு, என்றான், நீங்கள் அந்தக் காலத்து இரசிகையா, என்றான், ஆனால் மந்திரக் கதை இந்த ஊர் முழுக்கத் தெரிந்த கதை, கழகத்தின் பழைய இயக்குநர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், கழுத்துத் துண்டிலும் போட்டுவிட்டோம் பாருங்கள், என்று காட்டினான். பார்த்தாள். மண்டபம் முழுக்கப் பச்சைத் துண்டு, அவளுடைய கையெழுத்தை அப்படியே பெரிதாக்கி நெய்திருந்தார்கள், கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் விழுந்து விசரன என்று நின்றது, குழந்தையைத் தூக்கிய தாய், சக்கர நாற்காலியில் வந்த கிழவர், கைகோத்து நின்ற இளம் சோடி, எல்லோர் கழுத்திலும் விசரன, ஆரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், யோகமலருக்குச் சிரிப்பு வரவில்லை, மந்திரம் என்று நம்பினால் புள்ளியையாவது கவனித்துப் போட்டிருக்கலாம், அந்த மரியாதைகூட இல்லை.

அவள் கண்ணாடிக்குக் கிட்டப் போனாள், மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டுப் பார்த்தாள், அப்போதுதான் சேறு கண்ணில் பட்டது. மண்ணிறச் சேறு. ஆல்டர்ஷா மைதானம் பழைய நிலக்கரிச் சாம்பலுக்கு மேல் போட்ட மைதானம், அந்தச் சேறு கறுப்பு, நகத்துக்குள் போனால் மூன்று நாள் போகாது, மூன்று வருடம் அவளுடைய நகங்கள் அந்தக் கறுப்போடுதான் இருந்தன, இது ஏதோ பூச்சட்டிக்குள் போடுகிற மண். பக்கத்துச் சுவரில் கென்னியின் பெரிய படம், அந்த இறுதி ஆட்டத்தில் எடுத்தது, சேறு முகமெல்லாம் கறுப்பாக, இடது கக்கத்தில் சட்டை கிழிந்து தோல் தெரிகிறது. கண்ணாடிக்குள் இருந்த சட்டையின் இடது கக்கத்தைப் பார்த்தாள், கறுப்பு நூலால் தைத்திருந்தது, பச்சை நூல் அன்றைக்கு இருக்கவில்லை, அந்தத் தையல் கொஞ்சம் கோணல், அன்று இரவே அவள் அவசரமாகத் தைத்தது. தம்பி, என்றாள் ஒலிவரைப் பார்த்து, ஆங்கிலத்தில் அந்தச் சொல் இல்லாததால் தமிழிலேயே சொன்னாள், படத்திலே கிழிஞ்சிருக்கு, பெட்டிக்குள்ளே தைச்சிருக்கு, தோய்க்காத சட்டையை மணக்க மணக்க வைச்சுத் தைச்சது ஆர், உங்கடை யோகியோ, சரி, இது ஆரின்ரை சேறு. இதையே ஆங்கிலத்திலும் சொன்னாள், சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒலிவரின் கழுத்து சிவந்தது, மண்டபத்தை அலங்கரிக்க வந்தவர்கள்தான் கொஞ்சம் சேறு பூசினார்கள், என்றான் மெதுவாக, சட்டை கிடைத்தபோது புத்தம் புதிதுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது, யாரும் நம்பமாட்டார்கள் என்றார்கள்.

அவள் நன்றாகத் தோய்த்ததுதான் பிழை, கறை தெரியாமல் தோய்த்தபடியால் அவள் இல்லை, அரைகுறையாகத் தோய்த்திருந்தால் இந்தக் கண்ணாடிக்குள் அவளுக்கும் ஒரு வரி இருந்திருக்கும். அந்தக் கடைசி நாள், ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நிற்கிறார்கள், சமநிலை ஆனால் மேலே போக முடியாது, அவள் கொடிக்குக் கீழே நிற்கிறாள், திடீரென்று தலைக்கு மேலே ஒரு காலும் அசையவில்லை, ஐயாயிரம் பேர் மூச்சை விடாமல் நின்றால் அது ஒரு சத்தம்போலக் கேட்கிறது, எதிரணிக்குப் பெனால்டி என்று பிறகுதான் தெரியும், கொடியில் காயும் பச்சைச் சட்டையிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, அதைக்கூட அவள் கேட்கிறாள், இன்னொரு சொட்டு, பிறகு கூரை இடிந்து விழுவதுபோலக் கால்கள், தூசி, கென்னி தடுத்துவிட்டான், அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் இருந்த ஒற்றைக் காலுறையோடு அழுகிறாள். பிறகு எல்லோரும் பாட்டும் குடியுமாக இருக்கும்போது கென்னி தனியாக அவளுடைய அறைக்கு வருகிறான், இடுப்பில் துவாய், கையில் சட்டை, சேற்றுப்பக்கம் வெளியே, யோகா, இதை இப்பவே தோய்ச்சுத் தருவியா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும், அம்மாவுக்குக் காட்ட, சேறு கண்டா ஏசுவா. அவள் குழாயை அடித்தாள், கறுப்புத் தண்ணீர் ஓடியது, இயந்திரத்தில் போடாமல் கையால் தோய்த்தாள், தைத்தாள், எழுத்தைத் திரும்பப் புதிதாக எழுதினாள், காலையில் அவன் வந்து எடுத்துக்கொண்டு போனான், அந்தத் தாய் அந்தச் சட்டையைத் தன் போர்வைக்கு மேல் விரித்து வைத்திருந்ததாகப் பிறகு சொன்னான், கண்ணை மூடும்வரை, ஒன்பது நாள்.

வாசலில் கைதட்டல் கேட்டது. கென்னி வந்துவிட்டான், இன்றைக்கு அவன்தான் விருந்தாளி, அறுபதைத் தாண்டிவிட்டது, ஊன்றுகோல், இப்போது அவனும் மொட்டை. ஒலிவர் பறந்துபோய் அழைத்து வந்து சட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினான், படக்காரர்கள் கமராவைத் தூக்கினார்கள், சிரிக்கச் சொன்னார்கள், கென்னி சிரிக்கத் தொடங்கியவன் சட்டையைப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது. ஆர் இதிலே ஊத்தை பூசினது, என்றான், யோகா கண்டால் என்ரை தோலை உரிச்சுப்போடுவா. அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியாது, அதைச் சொல்லவேண்டும் என்று அவன் சொல்லவும் இல்லை, பழைய பயம் அப்படியே வாயில் வந்துவிட்டது. ஆரணி மெல்ல அவளுடைய கையைப் பிடித்தாள், அம்மா, என்றாள். கண்டிட்டன் கென்னி, என்றாள் யோகமலர் கூட்டத்துக்குள்ளிருந்து, ஆங்கிலத்தில்தான் சொன்னாள், சேற்றுப்பக்கத்தை வெளியிலே போட்டிருக்கிறாங்கள், அது ஒண்டுதான் சரி.

கென்னி திரும்பினான், தேடினான், கண்டான், ஊன்றுகோலை ஒலிவரின் கையில் திணித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டு, விசாரன், என்றான், முப்பது வருடமாகியும் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ளவில்லை. பிறகு ஒலிவரிடம் பெட்டியைத் திறக்கச் சொன்னான். அது முடியாது, அதற்கு ஒழுங்குகள் உண்டு, காற்றுப் படக்கூடாது என்றான் ஒலிவர். நான் உங்களுக்கு இரவல்தான் குடுத்தனான், சட்டை என்ரை, திற, என்றான் கென்னி, அதற்குமேல் அவன் குரலை உயர்த்தவில்லை, சாவி வந்தது. ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள், கைகள் தொங்கின, கென்னி அதைச் சுருட்டாமல் அவளிடம் நீட்டினான், ஒலிவர் அழாக்குறையாக, அப்ப பெட்டிக்குள்ளே என்ன வைக்கிறது, சனம் வந்துகொண்டிருக்கு என்றான். ஒண்டும் வைக்காதை, தோய்க்கக் கொண்டுபோயிருக்கினம் எண்டு எழுதி வை, என்றாள் அவள், ஆர் கொண்டுபோனது எண்டும் எழுது, நான் சொல்லுறன், எழுத்துக் கூட்டி எழுது. அவன் காகிதம் எடுத்தான். முழுப் பெயரையும் அவள் ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவன் ஒரு இடத்தில் பிழைவிட்டான், திருத்தி எழுதும்வரைக்கும் அவள் நகரவில்லை.

பச்சைச் சட்டை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கொடியில் தொங்குகிறது, அவளுடைய வீட்டுப் பின்வளவில், பூச்சட்டி மண் கரைந்து போக ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை, பொய்ச்சேறு அப்படித்தான், கைநுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் புல்லில் விழுகிறது, தலைக்கு மேலே இப்போது வெறும் வானம், கால்கள் இல்லை, ஆரணி கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அம்மா, இடது பக்கம் சரியுது, என்கிறாள், ஓம் பிள்ளை, தையல் கோணல், அது அப்படியே இருக்கட்டும் என்கிறாள் அவள். உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருக்கிறாள், கண்ணாடிக்குள்ளும் இப்படியேதான் தொங்கவேண்டும் என்று ஒலிவருக்குச் சொல்லியாயிற்று, கென்னியும் சொல்லிவிட்டான், இல்லையென்றால் சட்டை திரும்பிப் போகாது. கழுத்துப்பட்டியில் மங்கிப்போயிருந்த நான்கு எழுத்தையும் புதிதாக எழுதினாள், புள்ளியை நன்றாக அழுத்தி வைத்தாள், அதற்குக் கீழே முப்பது வருடத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியதையும் எழுதினாள், யோகமலர். மந்திரம்தான் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், ஐந்தெழுத்து.